அலமாரியும் அதைத் துடைக்கும் கையும்

பலமனேர், சித்தூர் மாவட்டத்தின் மேற்கே, தமிழகமும் கருநாடகமும் நெருங்கி வரும் மேட்டுநிலத்து ஊர். ஒரே அடுக்களையில் தமிழும் தெலுங்கும் புழங்குவது அப்பகுதிக்குப் புதிதன்று. தமிழர் ‘கழுவு’ என்பதைத் தெலுங்கர் ‘கடுகு’ என்பர். ‘கோழி’ ‘கோடி’ ஆவதைப் போன்ற ஒழுங்கான ஒலிமாற்றம் இது. ‘துடை’, ‘துடுசு’ என்னும் இணையும் ஒரே வேரினது. இரு மொழிகளும் பிரிவதற்கு முன்பே தூய்மைப் பணிக்கு வினைச்சொற்கள் இருந்தன என்பதற்கு இவை சான்று.

பொருள்களை வைக்கும் இடமோ அடிக்கடி மாறிவந்தது. உறி, மாடம், பரண் ஆகியவற்றை அடுத்து, போர்த்துகீசியரிடமிருந்து ‘அலமாரி’ வந்தது. ஆயுதம் வைக்கும் இடத்தைக் குறித்த இலத்தீன் சொல்லே அதன் மூலம். இன்று அந்த இடத்தை ‘மாடுலர் கிச்சன்’ பிடித்துக்கொண்டது. திறந்த மாடத்தில் தூசி கண்ணுக்குத் தெரிந்தது. மூடிய கதவு அழுக்கை மறைக்கிறது. மறைந்த அழுக்கைத் தேடிச் சென்று நீக்குவது கூடுதல் வேலை. ‘பராமரிப்பே தேவையில்லை’ என்னும் விற்பனைச் சொல் இந்த வேலையைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது.

உண்மையில் இவ்வேலை நுட்பமானது. தாளிப்பில் எழும் எண்ணெய்த் துளிகள் அலமாரியின் மேற்புறத்தில் படிந்து, காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாக இறுகித் தூசியைப் பற்றிக்கொள்ளும். புதிய படிவு வெதுவெதுப்பான சோப்பு நீரில் போகும். பழைய பிசுக்குக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசிச் சற்று நேரம் ஊறவிட வேண்டும். இரும்பு நாரால் தேய்த்தால் லேமினேட் கீறும். கீறலில் மீண்டும் அழுக்கு சேரும். மரத்துகள் பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. எனவே ஈரத்துணிக்குப் பின் உலர்துணி கட்டாயம். மழைக்காலத்தில் கதவுகளை நாள்தோறும் சிறிது நேரம் திறந்துவைப்பதும், தொட்டிக்கு அடியிலுள்ள குழாய்க் கசிவைக் கவனிப்பதும் பூஞ்சையையும் கரப்பானையும் குறைக்கும்.

வடிவமைப்பு இவ்வறிவை மதித்த காலமும் உண்டு. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த பிராங்க்பர்ட் சமையலறையில், புழு அண்டாதிருக்க மாவு இழுப்பறைகள் ஓக் மரத்தால் செய்யப்பட்டன. ஈக்கள் நீல நிறத்தை நாடுவதில்லை என்று கருதி அலமாரிகளுக்கு அந்நிறம் பூசப்பட்டது. ஆயினும் அது ஒருவர் மட்டும் நின்று வேலை செய்யும் அளவுக்கே குறுகியது. அந்த ஒருவர் இல்லத்தரசி என்பது எழுதப்படாத விதியாக இருந்தது.

அவ்விதி இங்கும் நீடிக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். ஈடுபட்டோரின் விழுக்காடு பெண்களில் 81.2, ஆண்களில் 26.1. ‘அலமாரி சுத்தமாயிற்று’ என்னும் வாக்கியத்தில் செய்தவர் இல்லை. தமிழ் இலக்கணம் அதை அனுமதிக்கிறது. குடும்பம் அந்த அனுமதியை வழக்கமாக்கிக்கொண்டது.

போகிக்கும் உகாதிக்கும் முன் வீடு முழுவதையும் ஒழிக்கும் வழக்கம் நல்லது. ஆனால் ஆண்டுக்கொரு முறை ஏணி பிடித்து உதவுவது பங்கீடு ஆகாது. அலமாரியின் உயரத்தையும் கதவையும் முடிவு செய்யும்போது அதைத் துடைப்பவரின் கருத்து முதலில் கேட்கப்பட வேண்டும். வாரந்தோறும் துடைக்கும் முறை வீட்டிலுள்ள ஆண்களுக்கும் வர வேண்டும். பண்பாட்டு ஆய்வுகளோ அடுக்களையின் பொருள்களைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகின்றன. அவற்றைப் பேணும் உழைப்பையும், அதற்குரிய வினைச்சொற்களையும், அவ்வினைகளின் எழுவாய் யார் என்பதையும் சேர்த்தே அவை பதிவு செய்ய வேண்டும்.