ராஜா கொடுத்தது தங்கப் பதக்கம்! கம்பெனி கொடுத்தது 24 மணி நேரக் கெடு!

சுவீடன் நாட்டில் 2017-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு கம்ப்யூட்டர்காரருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. கொடுத்தவர் அந்த நாட்டு மன்னர் கார்ல் குஸ்டாப். 1876-இல் ஏற்படுத்தப்பட்ட 'போல்ஹெம்' பரிசு அது.

வாங்கியவர் டேனியல் ஸ்டென்பெர்க். சினிமா நடிகர் அல்ல, மந்திரி அல்ல. படத்தைக் காட்டினால் "யாரப்பா இது?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் அவர் செய்த சரக்கு, செல்போன் வைத்திருக்கும் அநேகம் பேர் சட்டைப்பையில் இருக்கிறது!

சத்தமில்லாத தபால்காரர்

அந்தச் சரக்கின் பெயர் 'கர்ல்'. ஓர் இடத்துக் கம்ப்யூட்டரில் இருக்கும் தகவலை இன்னோர் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் புரோகிராம். தபால்காரர் வேலை என்று வைத்துக்கொள்ளுங்களேன். செல்போன், டி.வி., கார் என்று பல நூறு கோடிக் கருவிகளுக்குள் அது ஓடுகிறது.

வெளிநாட்டுப் பணத்தின் மாற்று விலையைத் தானாக எடுத்துவர 1996-இல் தொடங்கிய சின்ன வேலை. 1998-இல் 'கர்ல்' என்ற பெயரோடு வெளிவந்தது. ஸ்டென்பெர்க் அதைப் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். 'திறந்த மூல மென்பொருள்' என்பது இதுதான். பல வருஷம் வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டே, பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் இதைக் கவனித்தார். 2019-இல்தான் இதுவே முழுநேர வேலை ஆனது.

இதுதான் மரியாதையா?

சரி, பதக்கம் வந்தாச்சு. மரியாதை வந்ததா?

2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்ற வேறோர் இலவசப் புரோகிராமில் பெரிய ஓட்டை இருப்பது தெரியவந்தது. உலகமே அலறியது. 2022 ஜனவரியில் ஸ்டென்பெர்க்குக்கு ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. அதில் வரிசையாகக் கேள்விகள். 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டுமாம்!

லாக்4ஜே அவர் செய்ததே அல்ல. அந்தக் கம்பெனியோடு அவருக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது. "ஒப்பந்தம் போட்டால் பதில் தரத் தயார்" என்ற பொருளில் அவர் பதில் எழுதினார். நியாயம்தானே?

தண்ணீர்ப் பந்தலில் குடிக்க வந்தவன் பந்தல்காரனை அதட்டலாமா? கோடி கோடியாக லாபம் பார்க்கிறவன், பானையை நிரப்ப ஒரு குடம் தண்ணீராவது கொண்டுவர வேண்டாமா?

ராஜா பதக்கம் கொடுப்பது ஒரு நாள் விழா. ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்வதோ தினசரி வேலை. அந்த வேலைக்கு, அதனால் லாபம் அடைகிறவர்கள் கூலி கொடுக்க வேண்டும். அதுதான் அசல் பாராட்டு!