என் பேரு தப்பில்லைங்க, உங்க பெட்டிதான் தப்பு

போன மாசம் மதுரை கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல ஒரு பிரவுசிங் சென்டர். பிரிண்ட் எடுக்கப் போய் நின்னேன். உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து வந்த பெரியவர் ஒருத்தர் ஏதோ விண்ணப்பம் போட்டுக்கிட்டு இருந்தார். 'லாஸ்ட் நேம்' பெட்டியில கடைக்காரத் தம்பி அவரோட இனிஷியல் 'பி'யைத் தட்டுனதும் சிவப்பு எழுத்துல 'இன்வேலிட் நேம்'.

"என்னப்பா சொல்லுது?"

"பேரு தப்புங்குதுய்யா."

"எங்கப்பன் வச்ச பேருப்பா!"

ரெண்டு எழுத்தாவது வேணுமாம். தம்பி 'பிபி'ன்னு அடிச்சான், போயிருச்சு. பெரியவர் பேரோட ரத்தக்கொதிப்பும் சேந்துருச்சு :-) நாளைக்கு ஆதார்ல ஒரு பேரு, இதுல ஒரு பேருன்னு அவரைத்தான் அலைய விடுவாங்க.

இதுக்குப் பேரு 'யூசர் எரர்'ங்கிறோம். இல்லவே இல்லை. புரோகிராம் எழுதுனவன் பண்ண தப்பு. நானும் உத்தமன் இல்லை. மினி ப்ராஜெக்ட்ல 'குறைஞ்சது மூணு எழுத்து'ன்னு நெட்ல சுட்டுப் போட்டவன்தான். ஏன் மூணுன்னு யாரும் கேக்கலை, நானும் யோசிக்கலை.

நமக்கு லாஸ்ட் நேம் ஏன் இல்லைன்னு யோசிச்சுப் பாருங்க. 1929ல செங்கல்பட்டுல நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுல, பேருக்குப் பின்னாடி சாதிப் பட்டம் வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்க. தலைமுறை தலைமுறையா நாம வெட்டி எறிஞ்ச வாலை, ஒரு சிவப்பு நட்சத்திரம் போட்டு 'கட்டாயம்'னு கேக்குது இந்தப் பெட்டி!

வெளிநாடு போனா இன்னும் கூத்து. பாஸ்போர்ட்ல கிவன் நேம் காலியா இருந்தா அமெரிக்க விசா படிவத்துல அந்த இடத்துல 'எஃப்.என்.யூ'ன்னு போடணும். 'முதல் பேரு தெரியாது'ன்னு அர்த்தமாம். 2022 நவம்பர்ல, பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேரு மட்டும் இருந்தா விசிட் விசாவுல உள்ள விடமாட்டோம்னு அமீரகம் சொல்லுச்சு. அப்புறம் அப்பா பேரு பாஸ்போர்ட்ல இருந்தாப் போதும்னு இறங்கி வந்தாங்க.

சரி, தமிழ்லயே அடிக்கலாம்னா? 'எழுத்து மட்டும்'னு ரெகெக்ஸ் போடுறவங்க நிறையப் பேருக்குத் தெரியாத சமாச்சாரம்: யூனிகோட் கணக்குல நம்ம புள்ளியும் துணைக்காலும் கொம்பும் 'எழுத்து' இல்லை, 'குறி'. குறியையும் சேத்து அனுமதிக்காட்டி 'மதுரை'யே செல்லாது! 'மீனாட்சி' நமக்கு நாலு எழுத்து, யூனிகோட் குறியீட்டுக் கணக்குல எட்டு, யூடிஎஃப்-8 பைட்ல இருபத்திநாலு. இருபது பைட்டுக்கு மேல கூடாதுன்னா ஆத்தாளுக்கே இடமில்லை.

"செக் பண்ணாட்டி எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் வருமே"ம்பீங்க. அதைத் தடுக்கிறது பாராமீட்டர் வச்ச க்வெரி. பேருல எழுத்தைத் தடை பண்றது இல்லை.

அதுக்காக எதையுமே செக் பண்ண வேண்டாம்னு சொல்லலை. பின்கோடுக்கு ஆறு இலக்கம் கேளுங்க, நியாயம். மத்தபடி இவ்வளவுதான்:

1. பேருக்கு ஒரே பெட்டி. காலியா இருந்தா மட்டும் தடுங்க.

2. 'இன்வேலிட்'னு நிறுத்தாதீங்க. எந்தப் பெட்டியில என்ன வேணும்னு அந்தப் பெட்டிக்குக் கீழயே, தமிழ்ல சொல்லுங்க.

3. ஒரு தப்புக்காக மத்ததையெல்லாம் அழிக்காதீங்க. அன்னைக்குப் பெரியவர் போட்டோ, சான்றிதழ்னு எல்லாத்தையும் மறுபடி ஏத்த வேண்டியதாப் போச்சு.

கடைசியில அவர் காசைக் குடுத்துட்டு, "நமக்கு வெவரம் பத்தலை தம்பி"ன்னுட்டுப் போனார். அதான் தாங்கலை. வெவரம் பத்தாதது அவருக்கு இல்லை, நமக்கு.