பலகை மேல் போட்ட பழி

வீட்டில் வைத்து வீடியோ கேம் விளையாடும் ஆர்கேட் பெட்டிகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரு வசனம் தவறாமல் வந்துவிடும்: "அந்தக் காலத்துப் பெட்டி இரும்பு. இப்போது வருவது வெறும் அட்டை, நாலு வருஷம் தாங்காது." 2018இல் அமெரிக்காவில் ஆர்கேட் ஒன்அப் நிறுவனம் தன் பெட்டிகளை விற்கத் தொடங்கியதிலிருந்து இந்தப் பேச்சு வலுத்துவிட்டது. அசலில் முக்கால் பங்கு உயரம். பாகம் பாகமாகக் கட்டிவரும், வாங்கியவரே திருகாணி முடுக்கிக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்ததும் இளக்காரம் வருவது இயல்புதான். ஆனால் பழைய பெட்டியின் பின்கதவைத் திறந்து பார்த்தவர்கள் இவ்வளவு அடித்துப் பேச மாட்டார்கள்.

முதலில் மரம். 1980களின் அமெரிக்கப் பெட்டிகளில் தேக்கும் இல்லை, ஓக்கும் இல்லை. பிளைவுட் இருந்தது, பல பெட்டிகளில் மரச்சீவலைப் பசையோடு சேர்த்து அழுத்திய பார்ட்டிகிள் போர்டுதான் இருந்தது. மேலே வினைல் அல்லது பெயின்ட், விளிம்பில் பிளாஸ்டிக் பட்டை, அவ்வளவே. பீட்சா கடையிலும் மதுக்கூடத்திலும் தினமும் தரையை ஈரத்துணியால் துடைப்பார்கள். அந்த ஈரத்தைப் பெட்டியின் அடி விளிம்பு உறிஞ்சும். சில வருஷத்தில் அது உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்து, நகத்தால் சுரண்டினாலே பொலபொலவென்று உதிரும். உயரத்தைச் சரிசெய்யும் திருகுக்கால் பிடிமானம் இழந்து கையோடு வந்துவிடும். பழைய பெட்டி வாங்கப் போகும் சேகரிப்பாளர் முதலில் குனிந்து டார்ச் அடித்துப் பார்ப்பது அந்த அடி மூலைகளைத்தான். இன்றைய பெட்டிகளில் வரும் எம்.டி.எஃப். பலகையும் தண்ணீர் பட்டால் உப்பும், மறுக்கவில்லை. உப்பாத பலகை அன்றைக்கு இருந்தது என்பதைத்தான் மறுக்கிறேன்.

"இருந்தாலும் பழைய பலகை தடிமனாச்சே" என்பார்கள். தடிமன்தான். உள்ளே 19 அங்குலக் கண்ணாடிப் படக்குழாய், டிரான்ஸ்ஃபார்மர், சில்லறை நிரம்பிய நாணயப் பெட்டி என்று எல்லாமாக நூறு கிலோவைத் தாண்டும். அதை லாரியில் ஏற்றி ஊர் ஊராக மாற்றுவார்கள். தோற்றவன் ஆத்திரத்தில் உதைப்பான். புதியதில் இருப்பது 17 அங்குல எல்சிடி திரை, சின்னதாக ஒரு சர்க்யூட் போர்டு, சுவரில் செருகும் அடாப்டர். கூடத்தின் மூலையில் நிற்கும் இதற்கு அந்தக் கனம் எதற்கு?

அடுத்தது திரை. பழைய படக்குழாயின் ஒளிக்கு ஒரு அழகு உண்டு, அதில் எனக்குச் சண்டையே இல்லை. அழகு வேறு, ஆயுள் வேறு. 1980இல் வந்த பேக்-மேன் விளையாட்டுப் பெட்டிகள் பலவற்றில் மின்சாரத்தை அணைத்த பிறகும் அந்த நீலப் புதிர்ப்பாதையின் தடம் கண்ணாடியில் சூடு போட்டதுபோல் தெரியும். மானிட்டரில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் காய்ந்து படம் சுருங்கும், நெளியும். அவற்றை மொத்தமாக மாற்றுவது இன்றும் பெட்டி பழுதுபார்ப்பவர்களுக்கு வாடிக்கையான வேலை. எல்சிடியும் ஒருநாள் போகும். போனால் வேறு பேனலைப் பொருத்தலாம். படக்குழாய்க்கு அந்த வசதி இல்லை, புதிதாகச் செய்வாரே அரிது.

மின்னணுப் பகுதிக்கு வந்தால் பழம்பெருமை இன்னும் மோசமாக ஆட்டம் காண்கிறது. பேக்-மேன் போர்டின் இணைப்பு முனை சூட்டில் பழுப்பேறிக் கருகுவது தெரிந்த வியாதி. வில்லியம்ஸ் நிறுவனத்தின் டிஃபெண்டர் விளையாட்டுப் பெட்டியில், அமைப்புகளை நினைவில் வைக்கப் பென்சில் பேட்டரிகளைப் போர்டிலேயே பொருத்தியிருந்தார்கள். அவை கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். உச்சம் எதுவென்றால் 1993இல் கேப்காம் நிறுவனம் கொண்டுவந்த சிபிஎஸ்-2 போர்டு. திருட்டு நகலைத் தடுப்பதற்கான ரகசியக் குறியீடு பேட்டரியின் தயவில் உயிர்வாழும் நினைவகத்தில் இருந்தது. பேட்டரி தீர்ந்தால் குறியீடு அழியும், விளையாட்டும் செத்துப்போகும். சேகரிப்பாளர்கள் அதற்கு வைத்த பெயரே தற்கொலை பேட்டரி. நாற்பது வருஷம் உழைக்கத் திட்டமிட்ட பொருளின் லட்சணமா இது?

பிறகு எப்படி நாற்பது வருஷப் பெட்டிகள் இன்னும் ஓடுகின்றன? ஆள் இருந்தான், அதனால். வாராவாரம் சில்லறை அள்ள வருபவர் கையில் கருவிப் பெட்டியும் இருக்கும். பழைய பட்டன்களில் இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுக்கொண்டால்தான் மின்சாரம் பாயும். தகடு கறுத்தால் தேய்த்துவிடுவார், வளைந்தால் நிமிர்த்துவார், ஜாய்ஸ்டிக் தளர்ந்தால் மாற்றிப்போடுவார். இத்தனை கவனிப்பையும் மீறிக் குப்பைக்குப் போன பெட்டிகள் எக்கச்சக்கம். வசூல் குறைந்தால் பக்கவாட்டுப் படங்களின் மேல் கறுப்பு பெயின்ட் அடித்து, உள்ளே வேறு விளையாட்டின் போர்டைச் செருகிவிடுவார்கள். இன்று நாம் பார்ப்பது அதிலெல்லாம் தப்பியவற்றை. தப்பியவற்றை வைத்து மொத்தக் காலத்துக்கும் தரச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது.

புதியவற்றில் குறை இல்லையா? இருக்கிறது. ஆரம்பகாலப் பெட்டிகளில் பட்டன் பலகையின் மேல் அச்சிட்ட படம், உள்ளங்கை பதியும் இடத்தில் தேய்ந்து வெளுத்தது. பிறகு வந்த மாடல்களுக்கு மேலே தெளிவான பிளாஸ்டிக் தகடு போட்டார்கள். ஜாய்ஸ்டிக் மட்டம்தான். ஆனால் ஜப்பானின் சன்வா நிறுவனத்து ஜாய்ஸ்டிக்கையும் பட்டன்களையும் வாங்கி, ஒரு பிற்பகலில் பலர் தாங்களே மாற்றிக்கொள்கிறார்கள். அந்தக் காலத்து மெக்கானிக் செய்த அதே வேலைதான், இப்போது வீட்டுக்காரர் செய்கிறார். எம்.டி.எஃப். பலகையின் விளிம்பில் போட்ட திருகாணியை அடிக்கடி கழற்றி மாட்டினால் துளை தளர்ந்துவிடும். அதனால் வீடு மாறும்போது பிரிக்காமல் தூக்கிப்போவது நல்லது.

உண்மையான வம்பு போர்டில் இருக்கிறது, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பழைய காலத்து அட்டாரி நிறுவனம் தன் பெட்டிகளுக்கு முழு மின்சுற்று வரைபடத்தையே கொடுத்தது. எந்தச் சிப் போயிற்று என்று தேடிக் கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்ற முடிந்தது. புதிய பெட்டிக்கு அப்படி வரைபடம் தருவதில்லை. எல்லா வேலையையும் ஒரே சிப் பார்க்கிறது, அது போனால் போர்டையே மாற்ற வேண்டும். மாற்று போர்டு கிடைக்காவிட்டால் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்றை வாங்கி உள்ளே வைக்க வேண்டியதுதான். பலகை, திரை, பட்டன் எதையும் தூக்கியெறியாமல் அப்படி ஓட்டுகிறவர்கள் இப்போதே நிறையப் பேர்.