பெயரும் தொகையும்தானே?

இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் பொதுப்பணம் கையாளும் சிறு அமைப்புகள் பல. கோயில் பரிபாலன சபை, மரண உதவிச் சங்கம், பழைய மாணவர் சங்கம், புலம்பெயர்ந்த உறவுகளின் காசில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நிதியம் என்று அடுக்கலாம். 2003, 2017 வெள்ளங்களைப் போன்ற பேரிடர் வந்தால் நன்கொடையாளர் பட்டியல் இன்னும் நீளும். அந்தப் பதிவுகளைப் பாதுகாக்கச் சொன்னால், “அதில் என்ன இரகசியம்? பெயரும் தொகையும்தானே!” என்கிறார்கள். இந்த வாதத்தின் ஒவ்வொரு பகுதியையும் பார்ப்போம்.

“கோயில் சுவரில் எழுதும் பெயர்தானே?”

சுவரில் ஏறுவது கொடுத்தவர் விரும்பிக் கொடுத்த பெயர். எக்செல் கோப்பில் இருப்பதோ அவருடைய தொலைபேசி, வங்கிக் கணக்கு, அடையாள அட்டை இலக்கம். அந்த இலக்கத்திலிருந்தே பிறந்த ஆண்டையும் நாளையும் எடுத்துவிடலாம். பெண்ணென்றால் நாள் எண்ணோடு 500 கூட்டியிருக்கும், ஆகவே பாலும் தெரியும். புலமைப்பரிசில் நிதியங்களில் இன்னொரு பக்கமும் உண்டு. உதவி பெறும் பிள்ளையின் படம், தோட்டம், டிவிஷன், தகப்பன் இல்லை அல்லது தாய் வெளிநாட்டில் என்ற குறிப்பு எல்லாம் நன்கொடையாளரின் பெயருக்குப் பக்கத்திலேயே கிடக்கும். லயத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பெயரை எடுத்துவிட்டாலும், டிவிஷனும் வகுப்பும் இருந்தால் பிள்ளை யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பட்டியல் யார் கையில் போகிறது என்பதே முக்கியம். வாக்காளர் இடாப்பு எவரும் பார்க்கக்கூடிய சாதாரண ஆவணம். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிப்போன கும்பல்களின் கையில் அதுவே இருந்தது. 1977இலும் 1981இலும் அடிபட்ட சப்ரகமுவத் தோட்டத்தாருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

“எங்களை யார் குறிவைப்பார்கள்?”

தனியே குறிவைக்க வேண்டியதில்லை. தொண்டு நிறுவனங்களுக்கு நன்கொடையாளர் மென்பொருள் விற்கும் அமெரிக்க நிறுவனமான பிளாக்பாடுக்குள் 2020 பெப்ரவரியில் புகுந்தவர்கள் மே வரை உள்ளே இருந்தார்கள். அந்த ஓர் ஊடுருவலில் பெரிதும் சிறிதுமாக 13,000க்கு மேற்பட்ட அமைப்புகளின் தரவுகள் அகப்பட்டன.

“கணினிக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.”

வங்கி விவரங்கள் தப்பின என்று ஜூலையில் அறிவித்தது அதே நிறுவனம்தான். அது பிழையென்று ஊழியர்களுக்குச் சில நாட்களிலேயே தெரிந்தும் உடனே வெளியில் சொல்லவில்லை. இதற்காக 2023இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு 3 மில்லியன் டொலரும், மாநிலங்களுக்கு 49.5 மில்லியன் டொலரும் கட்டச் சம்மதித்தது. விலகிப்போன வாடிக்கையாளரின் தரவுகளைக்கூட ஆண்டுக்கணக்கில் அழிக்காமல் வைத்திருந்தது என்பதும் அதன்மேல் வந்த குற்றச்சாட்டு. “பழையது கிடக்கட்டும்” என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

“நல்ல காரியம் செய்பவர்களுக்கு யார் தீங்கு நினைப்பார்கள்?”

செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவைவிட நல்ல பெயர் வேண்டுமா? போரிலும் இடப்பெயர்விலும் பிரிந்தவர்கள், காணாமற்போனவர்கள் என 515,000க்கு மேற்பட்டோரின் விவரங்கள் அதனிடமிருந்து களவுபோனது 2022 ஜனவரியில் தெரியவந்தது. புகுந்தவர்கள் 2021 நவம்பர் 9 முதல் உள்ளே இருந்தார்கள். ஒரு மென்பொருளுக்கு உரிய நேரத்தில் போடாத பாதுகாப்புத் திருத்தமே வாசலைத் திறந்துவிட்டது.

“கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டாமா?”

கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் வரவு, செலவு, பற்றுச்சீட்டு இலக்கம் போதும். கணக்காய்வாளர் கேட்டால் முழுப் பதிவையும் காட்டலாம். பொதுக்கூட்டத்தில் அடையாள அட்டை இலக்கத்தை வாசிப்பதால் ஒரு சதமும் நேர்மையாகிவிடாது.

“சட்டம் இன்னும் முழுதாக அமுலுக்கு வரவில்லையே?”

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் தொடங்கவிருந்து தள்ளிப்போயின, உண்மைதான். ஆனால் மதம், இனம், உடல்நலம், பிள்ளைகள் பற்றிய தரவுகளுக்குச் சிறப்புக் காவல் வேண்டுமென்று அச்சட்டம் சொல்லிவிட்டது. தண்டம் 10 மில்லியன் ரூபா வரை போகலாம். கோயில் நன்கொடைப் பட்டியலே ஒருவரின் மதத்தைக் காட்டிக்கொடுக்கும்.

செய்ய வேண்டியவற்றுக்குப் பெரிய செலவில்லை. தேவையில்லாத விவரத்தைக் கேட்காதீர்கள். பிள்ளைகளின் கோப்பை வேறாக வையுங்கள். இரண்டு பேருக்கு மட்டும் கடவுச்சொல் கொடுத்து, பதவி மாறும்போது அதையும் மாற்றுங்கள். பட்டியலை வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். காலம் முடிந்ததை அழியுங்கள். பணத்தின் கணக்கை ஊருக்கே காட்டுங்கள். கொடுத்தவரையும் பெற்றவரையும் காத்து வையுங்கள்.