13 ஆண்டு சிக்கிம், 7 மாத இலங்கை: ‘ஆர்கானிக்’குக்கு மாறும் செலவு யார் தலையில்?

சூப்பர் மார்க்கெட்டில் ஒரே பருப்பு, பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இரண்டு விலை. ‘ஆர்கானிக்’ என்று அச்சடித்த பாக்கெட்டை எடுக்கும்போது, ‘இந்தக் கூடுதல் காசு எதுக்கு?’ என்று தோன்றாதவர் குறைவு. அதற்கான பதில் பாக்கெட்டில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. அதுவும் விவசாயி ரசாயனத்தை விட்ட முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில்.

உலகில் ரசாயனம் இல்லாமல் சாகுபடி செய்வதாகச் சான்று பெற்ற நிலம் சுமார் 9.9 கோடி ஹெக்டேர் என்கிறது 2023-ம் ஆண்டுக் கணக்கு. பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், மொத்த விவசாய நிலத்தில் இது 2 சதவீதம்தான். அதிலும் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே பெரும்பகுதி மேய்ச்சல் காடு. இந்தியாவின் கதை வேறு. நிலம் சுமார் 45 லட்சம் ஹெக்டேர், ஆனால் விவசாயிகள் எண்ணிக்கையில் உலகிலேயே முதலிடம், 20 லட்சத்துக்கும் மேல். அதாவது இங்கே இந்த விவசாயத்தைச் சுமப்பவர்கள் ஒன்றிரண்டு ஏக்கர்காரர்கள்.

இலங்கையில் என்ன நடந்தது?

2019 தேர்தலின்போது கோத்தபய ராஜபக்ச சொன்னது, பத்து ஆண்டுகளில் மாறுவோம் என்று. 2021 மே மாதம் திடீரென ரசாயன உர இறக்குமதிக்கே தடை வந்தது. அந்நியச் செலாவணி காலியாகிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். தடை ஏழு மாதம்கூடத் தாங்கவில்லை. நெல், தேயிலை விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். சீனாவிலிருந்து கப்பலில் வந்த இயற்கை உரத்தில் தீங்கான பாக்டீரியா இருப்பதாகத் திருப்பி அனுப்பி, கடைசியில் அதற்கும் பணம் கட்ட வேண்டியதாயிற்று. நவம்பரில் தடை நீங்கியது. ஆனால் அந்தப் போக நெல் போனது போனதுதான். அரிசியில் ஏறக்குறைய தன்னிறைவாக இருந்த நாடு வெளியே கையேந்தியது.

ஏன் இப்படி? ஒரு சின்னக் கணக்கு போதும். 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. மக்கிய மாட்டு எருவில் அது அரை சதவீதம் அளவுக்குத்தான். ஒரு மூட்டைக்கு ஈடுகட்ட நான்கு டன் எரு வேண்டும். அந்தச் சத்தும் உடனே பயிருக்குக் கிடைக்காது, மெதுவாகத்தான் வரும். தக்கைப்பூண்டு, சணப்பு விதைத்து மடக்கி உழுவது, பயறு வகைகளைச் சுழற்சியில் கொண்டுவருவது, மண்ணில் உயிரைத் திரும்ப வளர்ப்பது எல்லாமே பல போகங்கள் எடுக்கும் வேலை. அரசாணையில் கையெழுத்துப் போட்டால் மண் மாறிவிடுமா என்ன?

சிக்கிம் ஜெயித்துவிட்டதா?

2003-ல் முதல்வர் பவன் குமார் சாம்லிங் அறிவித்தார். உர மானியம் படிப்படியாக வெட்டப்பட்டது, 2010-ல் தனி இயக்கம் தொடங்கியது, 2014-ல் ரசாயனத்துக்குத் தடைச் சட்டம் வந்தது. 2016 ஜனவரியில் சுமார் 75,000 ஹெக்டேரும் மாறிவிட்டதாக, நாட்டின் முதல் முழு ஆர்கானிக் மாநிலம் என்று பிரதமர் மோடி அறிவித்தார். 13 ஆண்டுகள். 2018-ல் சர்வதேச விருதும் கிடைத்தது.

ஆனால் சிக்கிமை அப்படியே தஞ்சாவூருக்கோ பஞ்சாபுக்கோ தூக்கிவர முடியாது. மலைச்சரிவு நிலம், ஏலக்காயும் இஞ்சியும் பணப்பயிர், தொடக்கத்திலிருந்தே உரப் பயன்பாடு குறைவு. அங்கே சாப்பிடும் அரிசியில் பெரும்பகுதி இன்றும் மேற்கு வங்கத்தின் சிலிகுரி வழியாக லாரி ஏறி வருகிறது.

அந்த நடு ஆண்டுகள்

இந்தியச் சான்றிதழ் விதிப்படி, ஓராண்டுப் பயிர் என்றால் இரண்டு ஆண்டும், தென்னை, மா போன்ற பல்லாண்டுப் பயிர் என்றால் மூன்று ஆண்டும் மாறுதல் காலம். இந்தக் காலத்தில் விளைச்சல் குறையும், ஆனால் ‘ஆர்கானிக்’ விலை கேட்க முடியாது. சிக்கலின் முடிச்சே இதுதான். மத்திய அரசின் பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா திட்டத்தில் ஹெக்டேருக்கு மூன்று ஆண்டுகளில் 31,500 ரூபாய் ஒதுக்கீடு. அதில் இடுபொருளுக்காக விவசாயி கணக்கில் வருவது 15,000. ஏக்கர் கணக்கில் பிரித்தால் ஆண்டுக்குச் சுமார் 2,000 ரூபாய். மூன்று, நான்கு மூட்டை நெல் குறைந்தாலே அது காணாமல் போய்விடும்.

டென்மார்க் வேறு வழியில் போனது. 1987-லேயே சட்டம் போட்டு, மாறும் விவசாயிக்கு உதவித்தொகை, ஆய்வு, முத்திரை எல்லாவற்றையும் அரசே கையில் எடுத்தது. விளைந்ததை வாங்க ஆளும் தேடிக்கொடுத்தது: கோபன்ஹேகன் நகராட்சி தன் பள்ளி, முதியோர் இல்லச் சமையலறைகளைக் கிட்டத்தட்ட 90 சதவீதம் ஆர்கானிக்காக மாற்றியது. நம்மூரில் சத்துணவு மையங்களுக்கு இப்படிக் கொள்முதல் செய்தால் எத்தனை கிராமம் பிழைக்கும் என்பதை யோசிக்கலாம்.

லேபிளை நம்பலாமா?

கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு எச்சம் சிக்கியதைத் தொடர்ந்து, 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் இங்குள்ள ஐந்து சான்றிதழ் நிறுவனங்களின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு அமெரிக்காவும் இந்தியாவுடனான அங்கீகார ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது.

பாக்கெட்டில் ‘நேச்சுரல்’, ‘பண்ணை ஃப்ரெஷ்’ என்றெல்லாம் இருந்தால் அது விளம்பரம், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது ‘ஜைவிக் பாரத்’ முத்திரை. அதன் பின்னால் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, வெளி நிறுவனம் ஆய்வு செய்யும் என்பிஓபி. இது செலவு பிடிக்கும், ஏற்றுமதிக்கு அவசியம். இன்னொன்று பிஜிஎஸ். ஊர் விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை இன்னொருவர் சரிபார்ப்பது. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்றுமுதல் உள்ள சிறு விவசாயி நேரடியாக உங்களிடம் விற்றால் சான்றிதழே கட்டாயமில்லை. அங்கே ஆளைத் தெரிந்து வாங்குவதுதான் உத்தரவாதம்.

பிஜிஎஸ்-ஸில் ‘கிரீன்’ என்று தனி வகை இருக்கிறது. மாறுதல் காலத்தில் உள்ள நிலத்தின் விளைபொருளுக்கு அதுதான் அடையாளம். அதை வாங்கினால், பணம் போய்ச் சேருவது விளைச்சல் குறைந்து, விலையும் ஏறாமல் நடுவழியில் நிற்கும் விவசாயியிடம்.