பிறந்த ஊரும் வாடகை வீடும்

ரொறன்ரோவில் வாடகைக்கு வீடு தேடும் நம்மவரிடம் முதலில் கேட்கப்படுவது அவருடைய கடன் வரலாறு. கடனட்டைப் பணத்தைத் தவணை தவறாது கட்டினாரா, முன்பு குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அவரைப் பற்றி என்ன சொல்கிறார், மாத வருமானம் எவ்வளவு என்றெல்லாம் விசாரிப்பார்கள். புள்ளி குறைந்தவருக்கு வீடு கிடைப்பது கடினம். இலங்கையில் இத்தகைய தொல்லை இல்லை என்று எண்ணுவோர் உண்டு. அது முழு உண்மையன்று.

இங்கும் 1990 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றினால் உருவான கொடுகடன் தகவல் பணியகம் இருக்கின்றது. ஆனால் அதன் அறிக்கை கடன் கொடுக்கும் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் உரியது. வீட்டுச் சொந்தக்காரர் அதைக் கேட்டுப் பெற முடியாது. அவர் பார்ப்பது வேறொன்றை. பழைய தேசிய அடையாள அட்டையில் 'பிறந்த இடம்' என்று ஒரு வரி உண்டு. யுத்த காலக் கொழும்பில் அந்த வரியில் வல்வெட்டித்துறை என்று எழுதப்பட்டிருந்தவருக்கு, வாராக்கடன் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் மரியாதைகூடக் கிடைக்கவில்லை. விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் சொந்த ஊர் என்பது ஒன்றே போதுமாயிருந்தது.

இத்தனைக்கும் நாணயத்துக்குப் பெயர் பெற்ற ஊர் அது. பாய்மரக் கப்பல் கட்டி, தென்னிந்தியாவுக்கும் பர்மாவுக்கும் சரக்கேற்றிச் சென்ற கடலோடிகளின் ஊர். அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் செலுத்திச் சென்று 1938 இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தனர். சொன்ன நாளில் சொன்ன சரக்கைச் சேர்ப்பிக்காதவன் கடல் வணிகத்தில் நிலைக்க முடியாது. அந்த நாணயம் எந்த அடையாள அட்டையிலும் பதியப்படவில்லை.

அந்த ஊரவர் வாடகை வீடு தேடி அலைய நேர்ந்ததும் அவர்கள் தேடிக்கொண்ட வினையன்று. 1987 மே மாதம் வடமராட்சி மீது இலங்கை இராணுவம் பெரும் படையெடுப்பை நடத்தியது. 1989 ஓகஸ்டில் இந்திய அமைதிப்படை வல்வெட்டித்துறையில் அறுபதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றது. வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. வீடு எரிந்தவன் வேறு ஊரில் கூரை தேடினான். அங்கே அவன் எந்த ஊரான் என்பதே அவனுக்கு எதிரான சாட்சியாயிற்று.

கொழும்பில் இதற்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76 ஆம் பிரிவு, வீட்டில் வசிப்போரின் விபரத்தைக் கோரும் அதிகாரத்தைப் பொலிசாருக்கு வழங்குகின்றது. பிரித்தானியர் காலத்து இந்தச் சட்டமும் அவசரகால விதிகளும் சேர்ந்தபோது, வடக்கிலிருந்து வந்தவரைக் குடிவைப்பதே வீட்டுச் சொந்தக்காரருக்கு ஆபத்தான காரியமாகிவிட்டது. அக்காலத்தில் வெள்ளவத்தையில் நான் வீடு தேடியபோது, சொந்தக்காரரான தமிழர் எனது அட்டையை இருபுறமும் பார்த்துவிட்டு, "தம்பி, வாடகையைப் பற்றி எனக்குப் பயமில்லை. நாளைக்கு பொலிஸ் வந்தால் நான் என்ன சொல்லுறது?" என்றார். அவர் கெட்டவரல்லர். அச்சத்தின் சுமையை அரசு அவர் தலையில் ஏற்றியிருந்தது. அவர் அதை எனது தலைக்கு மாற்றினார்.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2007 யூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்பதே பொலிஸ் தரப்பு விளக்கம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவின்பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். வாடகையை முற்பணமாகக் கட்டியவரையும் நள்ளிரவில் எழுப்பி அனுப்ப முடியும் என்பதை அந்த ஒரு நாள் எல்லோருக்கும் காட்டிவிட்டது.

யுத்தம் 2009 இல் முடிந்தது. அவசரகாலச் சட்டம் 2011 இல் காலாவதியானது. இப்போது நாம் நம்மையே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. யாழ்ப்பாண நகரிலும் திருநெல்வேலியிலும் வீடு வாடகைக்கு விடும் நம்மவர் என்ன கேட்கிறார்கள்? "எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? யாருடைய பிள்ளை?" இக்கேள்விகள் சாதியை அறிவதற்கான குறுக்கு வழி என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளி, கணவனை இழந்து பிள்ளைகளுடன் தனியே வாழும் பெண், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்தவர், 1990 ஒக்ரோபரில் விரட்டப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் ஆகியோரிடம் வாடகை கொடுக்க வசதியுண்டா என்று கேட்பதற்கு முன்பே கதவு சாத்தப்படுவதுண்டு. வெள்ளவத்தையில் நமக்கு இழைக்கப்பட்டதை நாம் நமது முற்றத்தில் மற்றவருக்கு இழைக்கிறோம்.

சட்டம் இங்கே அதிகம் உதவாது. அரசியலமைப்பின் 12(3) உறுப்புரை கடைகள், ஹோட்டல்கள், பொது உணவகங்கள், வழிபாட்டிடங்கள் முதலியவற்றில் இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கின்றது. தனியார் வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. ஒன்ராறியோவிலோ கடன் வரலாற்றை விசாரிக்க அனுமதி உண்டு. பிறந்த இடத்தைக் காரணம் காட்டி மறுக்க அனுமதி இல்லை. கடன் வரலாறே இல்லாத புதிய குடியேறியை அதற்காகக் குறைத்து மதிப்பிடலாகாது என்றும் அங்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு 2009 இல் வெளியிட்ட கொள்கை கூறுகின்றது.

வீட்டுச் சொந்தக்காரர் எதையுமே விசாரிக்கக்கூடாது என்பதல்ல என் வாதம். ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டிக் கட்டிய வீடு. முன்னைய வீட்டில் வாடகை ஒழுங்காகக் கட்டினாரா, வீட்டைப் பழுதில்லாமல் ஒப்படைத்தாரா, மின்சாரக் கட்டணத்தை நிலுவை வைத்தாரா என்று கேட்பது அவரது உரிமை. இவை ஒரு மனிதர் செய்தவை பற்றிய கேள்விகள். முன்பு தவறியவரும் தவறியது ஏன், பின்னர் எப்படிச் சரிசெய்தார் என்று சொல்லி மறு வாய்ப்புக் கேட்கலாம். பிறந்த ஊரையும் பிறந்த குடும்பத்தையும் எவரும் சரிசெய்ய முடியாது.

இன்னுமொன்று. நம்மிடையே வாடகை பெரும்பாலும் கையில் பணமாகவே கொடுக்கப்படுகின்றது; பற்றுச்சீட்டு எழுதும் வழக்கம் குறைவு. பத்து ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் கட்டியவரிடம் அடுத்த வீட்டுக்காரரிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. ஆகவே, வாடகைக்கு இருப்போர் எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். வாடகையை வங்கியில் வைப்பிலிட்டுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டை விட்டுப் போகும்போது சொந்தக்காரரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். சொந்தக்காரர்களே, அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. ஊர்ப் பெயரைத் தவிர வேறு அறிமுகம் இல்லாத ஒருவருக்கு அதுவே முதல் நற்சான்று.