இரண்டு தொட்டி, ஒரே தண்ணீர்

எமது தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குச் செல்லும் சகோதரிகள் சம்பளம், லீவு, சாப்பாடு பற்றியெல்லாம் எம்மிடம் கேட்பதுண்டு. இம்முறை திம்புள்ளப் பக்கத்துச் சகோதரி ஒருவர் கேட்டிருப்பது மீன் தொட்டியைப் பற்றி. அவர் வேலை செய்யும் வீட்டு மண்டபத்தில் கடல்மீன் தொட்டி ஒன்று இருக்கின்றது. இப்போது சாப்பாட்டு அறையிலும் ஒன்று வைத்து, இரண்டையும் பைப்பால் இணைக்கப் போகிறார்களாம். "பொருத்துகிறவர் பொருத்திவிட்டுப் போய்விடுவார். பிறகு பார்ப்பது நான்தானே?" என்கிறார்.

நியாயமான கேள்வி. இரவில் தண்ணீர் வழிந்து தரை நனைந்தாலும், விலை உயர்ந்த மீன் செத்தாலும் முதலில் கூப்பிடுவது வேலைக்காரப் பெண்ணைத்தான். ஆகவே விடயம் தெரிந்தவர்களிடம் கேட்டறிந்ததை இங்கு எழுதுகிறேன்.

மலையகத்தில் வளர்ந்த எம்மில் பலர் கடல்மீனை உயிரோடு முதலில் பார்த்தது பாடசாலைச் சுற்றுலாவில், தெஹிவளை மிருகக்காட்சிசாலையில்தான். வீட்டுத் தொட்டியும் அதே விதமாகவே இயங்குகின்றது. மேலே கண்ணாடித் தொட்டி. கீழே அலுமாரிக்குள் இன்னொரு தொட்டி, இதைச் 'சம்ப்' என்பார்கள். மேலே நிரம்பும் நீர் பைப் வழியாகத் தானாகக் கீழே இறங்கும். சம்ப்பில் வடிகட்டி சுத்தமான பின் மோட்டர் அதனைத் திரும்ப மேலே ஏற்றும். இரண்டாவது தொட்டியை இணைப்பதென்றால், அதிலிருந்தும் ஒரு பைப் அதே சம்ப்புக்கு இறங்க வேண்டும். மோட்டரிலிருந்து ஏறும் பைப்பை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு வைப்பார்கள். மோட்டர் இல்லாமல், இரண்டு தொட்டிகளுக்கும் நடுவே வளைந்த குழாய் ஒன்றை மட்டும் போட்டு இணைப்பதும் உண்டு. அதனை நான் விரும்பவில்லை. குழாயின் மேல் வளைவில் காற்றுக் குமிழ் சேர்ந்தால் ஓட்டம் நின்றுவிடும். ஒரு தொட்டி வழிய ஆரம்பிக்கும்.

இனி முக்கியமான இடம். மின்சாரம் நின்றவுடன் மோட்டர் நிற்கும், ஆனால் இறங்கும் நீர் உடனே நிற்காது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலமான தொட்டியில் மூன்று சென்ரிமீற்றர் நீர் இறங்கினாலே சுமார் 16 லீற்றர். இரண்டு தொட்டிக்கும் 32. பைப்பில் நிற்கும் நீரும் சேரும். முன்பு ஒரு தொட்டிக்குப் போதுமாக இருந்த சம்ப், இப்போது இரண்டு தொட்டியின் நீரையும் தாங்க வேண்டும். ஆகவே அதில் 40 லீற்றருக்காவது வெற்றிடம் இருப்பது நல்லது. மேலே ஏற்றும் பைப்பின் வாய் நீருக்குள் ஆழமாக இருந்தால், அதன் வழியாகவும் நீர் பின்னோக்கி இறங்கும். வாயை நீர்மட்டத்துக்கு அருகில் வைக்க வேண்டும், அல்லது பைப்பில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை போட வேண்டும். அந்தத் துளையை வாரம் ஒருமுறை ஊசியால் குத்திச் சுத்தம் செய்வது உங்கள் வேலையாகத்தான் வரும். ஒருவழி வால்வு இருக்கின்றது, பயமில்லை என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். உப்புப் படிந்தால் அதுவும் சரியாக மூடாது.

பொருத்துகிறவர் வீட்டை விட்டுப் போவதற்கு முன், வீட்டு அம்மாவின் முன்னிலையில் மோட்டரை நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடமல்ல, நீர் இறங்குவது முழுவதும் நிற்கும் வரை. நின்ற மட்டத்தில் சம்ப்பின் மேல் ஒரு கோடு போடுங்கள். பிறகு மோட்டரைப் போட்டு, ஓடும்போதுள்ள மட்டத்தில் இன்னொரு கோடு. இவ்விரு கோடுகளும் பின்னாளில் உங்களுக்குச் சாட்சி.

கீழ்க் கோட்டிலிருந்து நீர் குறைந்துகொண்டே போகும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கும். எனவே கோடு வரை நல்ல நீரையே ஊற்ற வேண்டும். உப்புநீர் ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு கூடி மீனுக்கு ஆபத்து. இரண்டு தொட்டி என்றால் ஆவியாவதும் ஏறக்குறைய இரு மடங்கு. கோட்டுக்கு மேலே ஊற்றினாலோ, மின்வெட்டின்போது இறங்கும் நீருக்கு இடமிராது.

நோயும் பொதுவாகிவிடும். வெண்புள்ளி நோய் ஒரு தொட்டியில் வந்தால் மற்றதிலும் வந்தது மாதிரித்தான். செப்பு மருந்து மீனைக் காப்பாற்றும், ஆனால் இறாலையும் பவளத்தையும் கொல்லும். எனவே அதனை அந்த நீரில் ஊற்றவே கூடாது. புதிய மீனைத் தனியான சிறு தொட்டியில் நாலு, ஐந்து வாரம் வைத்துப் பார்த்த பிறகு சேர்ப்பதே வழி. அந்தச் சிறு தொட்டிக்கென்று தனி வலை, தனி வாளி.

மின்வெட்டு எமக்குப் புதிதல்ல. 2022 மார்ச் மாதத்தில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 அன்று தீவு முழுவதுமே இருளானது. இணைத்த தொட்டிகளை ஒன்றாக வைத்திருப்பது மோட்டர் மட்டுமே. அது நின்றால் இரண்டும் தனித்தனியாகிவிடும், நீரில் பிராணவாயுவும் குறைந்துகொண்டே போகும். ஆகவே பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று போதாது, இரண்டு கேளுங்கள்.

உங்கள் உயிர் விடயத்தில் மட்டும் வெட்கப்படாதீர்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அந்த வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கின்றதா, அழுத்திப் பார்த்தால் விழுகின்றதா என்று கேளுங்கள். வயர்கள் பிளக்கை விடக் கீழே தொங்கி வளைந்து பின் மேலே ஏற வேண்டும். அப்போதுதான் வழியும் துளி பிளக்குக்குள் போகாது. கை விடுமுன் எல்லாச் சுவிட்ச்களையும் நிறுத்துங்கள். ஈரக் கையால் சுவிட்சைத் தொடவும் வேண்டாம்.

வேலையின் அளவையும் முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. இரண்டு தொட்டியிலும் 500 லீற்றர் இருந்து, வாரம் பத்தில் ஒரு பங்கு நீர் மாற்றுவதென்றால் 50 லீற்றர் வெளியே, 50 லீற்றர் உள்ளே. வாரந்தோறும் நூறு கிலோ சுமை. கொழுந்துக் கூடை சுமந்து வளர்ந்த பிள்ளைகள்தானே என்று எண்ணிவிடுவார்கள். ஒரு நீண்ட குழாயும் சிறு பம்பும் வாங்கினால் தூக்கவே தேவையில்லை. அதன் செலவு வீட்டாருடையது. கண்ணாடி துடைப்பது, உப்புக் கரைப்பது, நீர் ஊற்றுவது எல்லாவற்றுக்கும் எடுக்கும் நேரத்தை ஒரு வாரம் கொப்பியில் குறித்து, சம்பளம் பேசும்போது காட்டுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்கு வரும் நாட்களில் யார் நீர் ஊற்றுவது என்பதையும் இப்போதே கேட்டுவையுங்கள். பொறுப்பேற்கும் ஆளிடம் அந்த இரண்டு கோடுகளையும் கையால் தொட்டுக் காட்டிவிட்டு பஸ் ஏறுங்கள்.